உயிர் சேராத ம்

அண்ணன் தன் பேச்சைக் கேட்கவே இல்லை என்று அண்ணிக்குத் தெரிய வந்தபோது, அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து இல்லாத ஒரு அந்நியோன்யத்தில் இருந்தார்கள். அந்த அந்நியோன்யத்துக்குக் காரணமே அவன் கேட்காததுதான். இதில் யாரைக் குறை சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை.

எல்லாம் ஒத்தூதி வந்ததில் ஆரம்பித்தது. அதைச் செய்த கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. நுழையாத பெயரை ஜனங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒத்தூதி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராத ஒரு தகடு. இடது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று தாடை வழியாகத் தொண்டைக்கு இறங்கும். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அவர் மூச்சு வாங்க நிற்கும் இடமாகப் பார்த்து, நம்முடைய தொண்டையை வைத்தே, நம்முடைய குரலிலேயே, "ம்" என்று சொல்லிவிடும். அதற்காக நாம் மெனக்கெட வேண்டியதில்லை. தொண்டையை மட்டும் அங்கே விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம்.

மனிதனும் இயந்திரமும் ஒன்றாகிவிடும் காலம் வரப்போகிறது என்று பயமுறுத்தியவர்கள், இரும்புக் கை, மின்சாரக் கண், மண்டைக்குள் நூலகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உடம்புக்குள் குடிவர இயந்திரம் கேட்ட இடம் ஒரே ஒரு எழுத்து. அதுவும் மெய்யெழுத்து. உயிர் சேராதது. தூக்கிக் கொடுக்க யாருக்கும் மனம் வலிக்கவில்லை.

அண்ணனுக்கு அதை வாங்கிக் கொடுத்தது அவன் ஆபீஸ். ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் குறைகேட்பு மையத்தில் அவனுக்கு வேலை. ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று சொல்லக் கூப்பிடுகிறவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. அந்த ஃபிரிட்ஜை வேண்டாம் என்று தாங்கள் முதலிலேயே சொன்னது, யாரும் கேட்காதது, அப்படிக் கேட்காமல் வாங்கிய மற்ற சாமான்கள், அவற்றை வாங்கிய மச்சினர் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நடுவில் கொஞ்ச நேரம் "ம்" வரவில்லை என்றால், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று சத்தம் போட்டு மறுபடி ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆகவே கம்பெனி, ஊழியர்களின் நலன் கருதி என்று ஒரு சுற்றறிக்கை விட்டு, எல்லாருடைய தொண்டையிலும் ஒத்தூதியைப் பொருத்திவிட்டது. வாய் ஒருவருக்கு ம் போட, கை இன்னொருவருடைய புகாரைத் தட்டும். வீட்டுக்குப் போனதும் காதுக்குப் பின்னால் அழுத்தி அணைத்துவிட வேண்டும் என்பது விதி.

அண்ணன் முதலில் அணைத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் காலையில் மறுபடி போடும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் ஒரு உறுத்தல் வரும். "தினம் எதுக்கு இந்த அவஸ்தை" என்று அப்படியே விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. சொல்லும்படியான விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் அண்ணன் ம் போட்ட லட்சணம் எனக்குத் தெரியும். கல்லூரி இந்த ஊரில் என்பதால் நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் குடியிருக்கிறேன். பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. அடுப்படியில் நின்று நான் காதால் கேட்ட குடும்ப வாழ்க்கை இப்படி இருக்கும்:

"கடையில இன்னைக்கு ஓனர் என்ன பண்ணார் தெரியுமா?"

"ம்."

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"ம்?"

"நான் செவுத்துக்கிட்டயே பேசிக்கிறேன். அது குறுக்க பேசாது."

"ம்."

அண்ணி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் குறைந்து, கண்ணுக்குள்ளேயே ஒட்டவைக்கும், படம் காட்டும் வில்லைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அதில் படம் பார்க்கலாம், பந்தாட்டம் பார்க்கலாம், எதிரில் இருப்பவரைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டு எதிரில் இருப்பவரைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கலாம். அண்ணனுக்கு அதைப் பொருத்தியது அண்ணியேதான். பரிசோதனை மட்டும் இன்னும் பழையபடி. வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "ஒண்ணு நல்லாயிருக்கா, ரெண்டு நல்லாயிருக்கா? இப்ப? இப்ப?" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். அறை சின்னது. எழுத்துப் பலகையைத் தூரத்தில் மாட்ட இடம் இல்லாததால், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். அண்ணிக்கு அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த அறைக்குள் போனாலும் எது எதில் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

நாள் முழுக்க எல்லாரும் தன் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்திலிருந்து, யாரும் எதற்கும் பதில் சொல்லாத வீட்டுக்கு வருவது எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பாத்திரம் நிறைய இருந்தது.

ஒத்தூதி வீட்டிலும் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, அண்ணனுடைய ம் தேறிவிட்டது. இடம் தப்பாமல் விழுந்தது. அண்ணி கேள்வியாக நிறுத்தினால் "ம்ம்?" என்று மேலே ஏறியது. கசப்பாக முடித்தால் "ம்ம்ம்…" என்று கீழே இறங்கிக் கரைந்தது. நடுவில் விஷயம் சூடு பிடித்தால் "ம்! ம்!" என்று அவசரப்பட்டது. பேசுகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவது போன்ற ம். நானே ஒருநாள் கையில் தட்டோடு நின்று கேட்டேன். இவனுக்குள் இப்படி ஒருத்தன் இருந்தானா என்று எனக்கு ஆச்சரியம்.

"உங்க அண்ணன் மாறிட்டார்டா வாலு" என்றார் அண்ணி. வாலு என்பது எனக்கு அவர் வைத்த பெயர். காரணத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். "வயசாக ஆகத்தான் ஆம்பளைங்களுக்குக் காது தொறக்குது."

"மத்தவங்களுக்கு மூடும், அண்ணி."

"அதான் அதிசயம்னு சொல்றேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு, முதுகை அண்ணன் பக்கம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மெதுவான குரல். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து, அண்ணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான். கொஞ்சம் விட்டு, "ம்ம்…" என்றான். மடித்த துணியையே அண்ணி மறுபடி பிரித்து மடிப்பதைப் பார்த்து, ஏதோ பெரிய விஷயம் என்று நான் குளிக்கப் போய்விட்டேன். அன்று பந்தாட்டத்தில் கடைசிச் சுற்று என்பது எனக்கு நினைவில் இல்லை.

குளித்துவிட்டு வந்தபோது அண்ணி முகம் கழுவியிருந்தார். அண்ணனின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு காட்சியை அந்த வீட்டில் நான் பார்த்ததே கிடையாது. கோதப்பட்டவன் முகத்தில் திகைப்பு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அடுப்படியில் என்னிடம் சொன்னார்: "ஒரு விஷயம்டா. எங்கம்மாகிட்டகூட நான் முழுசா சொன்னதில்ல. இன்னைக்கு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல மனுஷன். ஆறுதல் சொல்றேன்னு அறுக்கல. விட்டுத் தள்ளுன்னு சொல்லல. ம், ம்னு அவ்வளவுதான். அழுகை முடியற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஒரு ம் போட்டார் பாரு…" கரண்டியை எடுத்து, எந்தக் காரணமும் இல்லாமல் கழுவினார்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் அளவுக்கு நமக்குப் பக்குவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சில வாரங்கள் வீடு வீடாகவே இல்லை. அண்ணி பாட்டு முணுமுணுத்தார். அண்ணனுடைய சட்டை அவன் எழுவதற்குள் தேய்த்து மாட்டப்பட்டிருந்தது. அண்ணன் என்னைத் தனியாக மாடிப்படிக்கு இழுத்துப்போய்க் கேட்டான்.

"டேய், உங்க அண்ணிக்கு என்னடா ஆச்சு? என்னைப் பாத்து சிரிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"நீ ஏதோ நல்லா கேட்டியாமே."

"என்ன கேட்டேன்? நான் ஒண்ணும் கேக்கலையே! இந்த வீட்ல எது கேட்டாலும் அவதான் கேப்பா."

கேட்பது என்ற ஒரே வார்த்தையை இரண்டு வேலைக்கு வைத்திருக்கும் மொழியில் பிறந்தது எங்கள் குற்றம் இல்லை. நான் சிரித்தேன். அவனும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தான். அந்தப் படியில் அவன் சொன்னதைவிட உண்மையான வாக்குமூலத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அன்பு தன் பக்கம் வந்தால் ஏன் வந்தது என்று தோண்டுகிறவன் இல்லை அவன். மாலையில் சீக்கிரம் வந்தான். அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒத்தூதி இல்லாமலேகூடக் கேட்க ஆரம்பித்திருப்பான் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் அதற்குள் அவன் கம்பெனி முந்திக்கொண்டது.

புகார் சொல்கிறவர்களில் சிலர் அழுகிறார்கள் என்பதைக் கம்பெனி கண்டுபிடித்திருந்தது. அழுகிறவர்களுக்கு வெறும் ம் போதாது என்று ஒரு குழு முடிவு செய்தது. ஒத்தூதிக்குப் புதிதாக ஒரு வரி சொல்லிக்கொடுத்து, ஒரு சனிக்கிழமை எல்லாத் தொண்டைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில். அண்ணி பரிமாறிக்கொண்டே கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒரு பொண்ணு வந்தா. பலகையில மேல இருக்கிற பெரிய எழுத்தே தெரியல அவளுக்கு."

"ம்."

"வில்லை வெச்சதும் கண்ணாடியில தன் மொகத்தைப் பாத்துட்டு சிரிச்சா. அந்த சிரிப்பு… நான் உங்ககிட்ட சொன்னேனே, அவளும் இருந்திருந்தா இன்னைக்கு இந்த வயசுதான்…" அண்ணியின் குரல் நடுங்கியது.

அண்ணன் வாயைத் திறந்தான். தெளிவாக, பணிவாக, அவனுடைய சொந்தக் குரலில் சொன்னான்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அண்ணி சிரித்துவிட்டார். கேலி என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் மோசமான கேலி. அப்புறம் இரண்டு பேருமே அண்ணன் முகத்தைப் பார்த்தோம். எங்கள் மூவரில் அதிகமாகத் திடுக்கிட்டிருந்தவன் அவன்தான். கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிருந்தது.

"அது என்ன, கைய எடுங்க" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல… ஆபீஸ்து. அணைக்க மறந்துட்டேன் போல இருக்கு."

"எப்பத்துலேருந்து மறந்துட்டீங்க?"

அண்ணன் தட்டைப் பார்த்தான். தட்டு உதவவில்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்னப்போ?"

"அன்னைக்கு… அன்னைக்கும் நீ சொன்னதை நான்…"

"என்ன சொன்னேன்? ஒரு வரி சொல்லுங்க. யாரைப் பத்தின்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். தேர்வில் பக்கத்து இருக்கைக்காரனைப் பார்ப்பதுபோல். எனக்கும் தெரியாது. பெண் என்பது மட்டும் சற்று முன் கிடைத்த தகவல்.

"உன் சித்தி…" என்று ஆரம்பித்தான்.

அண்ணி தன் தட்டில் இருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டார். எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து, "வாலு, சாப்பிட்டதும் மேசையத் தொடைச்சிடு" என்றார். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட கடைசி வாக்கியம் அது. மேசையை நான் அவ்வளவு நன்றாகத் துடைத்ததே இல்லை.

சண்டை போட்டிருந்தால் அண்ணன் தப்பித்திருப்பான். சண்டையில் அவனுக்கு அனுபவம் உண்டு. அண்ணி மரியாதையாக நடந்துகொண்டார். சாப்பாடு மேசையில் இருந்தது. சட்டை மாட்டப்பட்டிருந்தது. "குடை எடுத்துக்குங்க", "தண்ணி நின்னுடும், பிடிச்சு வைங்க" என்று தேவையானது மட்டும் வந்தது. ம் போட இடமே விடாத வாக்கியங்கள்.

அண்ணன் அடுப்படி வாசலில் நின்று ஒருநாள் சொன்னான்: "நான் ரொம்ப வருத்தப்படுறேன்."

"றோம்லேருந்து றேனுக்கு வந்துட்டீங்க. நல்ல முன்னேற்றம்."

"இன்னொரு தடவை சொல்லு. இப்ப கேக்குறேன். சத்தியமா."

அண்ணி அடுப்பை அணைத்தார். "அதை ஒருத்தர்கிட்ட ஒரு தடவைதாங்க சொல்ல முடியும். அந்த ஒருத்தர் நீங்கன்னு நெனச்சேன். நான் சொன்னது உங்க கழுத்துக்கு." அப்புறம், இன்னும் மெதுவாக: "ஆனா நல்லா கேட்டுச்சு. அதையும் சொல்லணும்."

"அதைக் கழட்டிடுறேன்."

"கழட்டிட்டு வாங்க. அப்புறம் பாப்போம்."

பாப்போம் என்பதற்கு எங்கள் வீட்டில் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். அண்ணன் அதை நேரடி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான். மறுநாளே லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனான். துணைக்கு நான்.

அந்தக் கூடத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஆட்கள். ஒருவர் ம் போட்டுக்கொண்டே நகம் வெட்டினார். ஒரு அம்மாள் ம் போட்டபடி பக்கத்து நாற்காலிக்காரியிடம் சைகையில் புடவைக் கடை பற்றிப் பேசினார். ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் அவர் தொண்டை மட்டும் யாருக்கோ மிகுந்த பரிவோடு "ம்ம்ம்…" என்று இறங்கியது. தேன்கூட்டுக்குள் தலையை விட்டதுபோல் அறை முழுக்க ரீங்காரம். இத்தனை பேருக்கு இத்தனை ஆறுதல் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒத்தூதியைப் பொருத்தும் மெக்கானிக் பின்கட்டு அறையில் இருந்தார். அண்ணன் அவரிடம் முதலில் கேட்டது: "இதுல கேட்டதெல்லாம் எங்கேயாவது பதிஞ்சிருக்குமா? ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு சாயங்காலம்."

"இது எங்க சார் கேக்குது? குரல் ஏறுது, இறங்குது, மூச்சு வாங்குது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். வார்த்தையே தெரியாது. எந்த பாஷையில பேசினாலும் இதே தகடுதான்."

அண்ணன் காதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். எங்கள் வீட்டில் அண்ணி பேச்சை நன்றாகக் கேட்ட ஒரே ஜீவனுக்கு அண்ணி பேசும் மொழி தெரியாது என்பது எனக்கும் புதுச் செய்தி.

இழையை உருவி எடுத்ததும் மெக்கானிக் எச்சரித்தார். புண் ஆறும் வரை தொண்டையிலிருந்து சத்தமே வராது, முயற்சியும் பண்ணக் கூடாது. பேச்சு முதலில் வந்துவிடும், ம் மட்டும் லேட்டாகும். "பேசறதை நாம நெனச்சுப் பேசறோம் சார். ம் நெனக்காம வர்றது. அந்த வழிய இவ்வளவு நாள் இது எடுத்துக்கிச்சு. உடம்புக்கு மறுபடி ஞாபகம் வரணும்."

காதுக்குப் பின்னால் கட்டோடு வீட்டுக்கு வந்தோம். அண்ணி கதவைத் திறந்தார். கட்டைப் பார்த்தார். பேச முடியாது என்று நான் விளக்கினேன். "கொஞ்ச நாளைக்கு ஒரு சத்தமும் வராது அண்ணி. காத்துதான் வரும்."

அண்ணி அவனை நாற்காலியில் உட்காரவைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவன் கண்ணிலிருந்து அந்தப் படம் காட்டும் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கேட்காமலேயே. அலமாரியிலிருந்து அவனுடைய பழைய மூக்குக் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டார்.

"இப்ப தெரியுதா?"

அண்ணன் தலையாட்டினான்.

"நான் தெரியுறேனா?"

மறுபடி தலையாட்டினான். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. பவர் மாறியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இப்பதான் சொல்லணும்" என்றார் அண்ணி. "உங்களால ஒண்ணும் நடிக்க முடியாது. புண்ணு ஆறினா அப்புறம் எனக்கு தைரியம் இருக்காது. ஆனா மொகத்தைப் பாத்தா வராது. திரும்பித்தான் உக்காருவேன்." தரையில் உட்கார்ந்தார். மடிக்கத் துணி எதுவும் இல்லை. கூடத்துக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைப் பார்த்தபடி, முதுகை அவன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் நழுவி அடுப்படிக்குள் போனேன். கதவு இல்லாத அடுப்படி. எனக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றார் அண்ணி.

அண்ணி ஒற்றைப் பெண் என்றுதான் எங்கள் குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு அப்போ பேச்சுகூட சரியா வராது. வீட்ல நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருந்தோம்." நிறுத்தினார். அது ம் வரவேண்டிய இடம்.

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான். மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

அண்ணி காத்திருந்தார். "கேக்குறீங்கன்னு தெரியுது" என்றார், தனக்கே சொல்வதுபோல். "அவ… அன்னைக்கு அம்மா என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டு…" மறுபடி நின்றது. இந்தத் தடவை இன்னும் நீளமாக. ஒரு படி இறங்கிவிட்டு, அடுத்த படி இருக்கிறதா என்று காலால் துழாவுகிறவரின் மௌனம்.

அப்போது அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

எனக்கும் அவனுக்கும் ஒரே குரல். போனில் பெற்ற அம்மாவே ஏமாந்திருக்கிறாள். அவனுக்குக் காய்ச்சல் என்று அவன் ஆபீசுக்கு அவனாகவே பேசி நான் லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தன் தொண்டையைத் தொட்டான். பிறகு என் தொண்டையைக் காட்டினான். இரண்டு கையையும் கூப்பினான். சொல்லுடா. ஒரே ஒரு ம். அவள் நின்றுவிடப் போகிறாள்.

அவன் அப்படி எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என் உதடு சேர்ந்துவிட்டது. மூச்சு மூக்குக்கு வந்துவிட்டது.

"வாலு" என்றார் அண்ணி, திரும்பாமலே. "வேணாம்டா."

எதிரே அலமாரிக் கதவின் கண்ணாடியில் அண்ணனும், அவன் கூப்பிய கையும், அடுப்படி வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்ற நானும் சுத்தமாகத் தெரிந்துகொண்டிருந்தோம். இடம் வலம் மாறி.

அண்ணி எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபம் இல்லை. நாள் முழுக்க ஒருவரிடம் ஒன்றா இரண்டா என்று கேட்டு, அவருக்கு எந்த வில்லையும் பொருந்தாது என்று கடைசியில் தெரிந்துகொண்டவரின் சோர்வு.

"உங்களால சத்தம் போட முடியாதுன்னு தெரிஞ்சுதாங்க உக்காந்தேன்" என்றார். "சத்தம் இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமா போயிடலாம்னு பாத்தேன். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். அதுக்குள்ள இன்னொரு ஆள வெக்கப் பாத்தீங்களே."

அண்ணன் அவசரமாக எழுந்து முன்னால் வந்து கையை ஆட்டினான், தலையை ஆட்டினான், நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவ்வளவு பேச ஒரு மனிதனுக்கு விஷயம் இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணி அவன் கையைப் பிடித்து இறக்கினார். "சரி, சரி. புண்ணு பிரிஞ்சிடப் போவுது" என்றார். உள்ளே போய்விட்டார்.

அண்ணி வீட்டை விட்டுப் போகவில்லை. யாரும் எங்கேயும் போகவில்லை. அண்ணனுக்குப் புண் ஆறியது. பேச்சு வந்தது. வேலையை விட்டுவிட்டு, கிட்டங்கி ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கப் போகிறான். அங்கே கத்தினால் போதும். ம் வருவதற்குத்தான் நாளாயிற்று. மாலையில் என்னை உட்காரவைத்து, "ஏதாவது சொல்லுடா" என்பான். நான் கல்லூரிக் குப்பையையெல்லாம் சொல்வேன். அவன் கூர்ந்து கேட்பான். ம் வராது. அல்லது நான் பேசி முடித்து, தண்ணீர் குடித்து, புத்தகத்தை எடுத்த பிறகு வரும். ஒருநாள் எங்கள் பேராசிரியரின் நாய் செத்ததைச் சொன்னபோது, சரியான இடத்தில், தன்னையறியாமல் ஒரு ம் போட்டான். இரண்டு பேரும் துள்ளிக் குதித்தோம். நாய்க்கு நாங்கள் செலுத்திய அஞ்சலி அது.

அவனுக்குத் தெரிந்தது மொத்தம் மூன்றரை வாக்கியம். தங்கை இருந்தாள். பேச்சு சரியாக வராது. வீட்டில் இரண்டு பேர் மட்டும். அம்மா பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. அதை வைத்துக்கொண்டு அவன் சில சமயம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மீதியை அவனாக நிரப்பிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் நிரப்பிப் பார்க்கிறேன். அன்று அந்த ஒரு எழுத்தை அண்ணி பார்ப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்க்கிறேன். அண்ணி முழுவதையும் சொல்லி முடித்திருப்பார். என்னிடம். அண்ணன் என்று நினைத்து. அதற்கு மேல் யோசிக்காமல் பாத்திரத்தைத் தேய்க்கிறேன்.

அண்ணி இப்போது மறுபடி பேசுகிறார். கடை, ஓனர், பஸ்ஸில் நடந்தது. சாப்பாட்டு மேசையில் அண்ணன் மூக்குக் கண்ணாடியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான். அண்ணி எந்த வாக்கியத்தையாவது "அன்னைக்கு" என்று ஆரம்பித்தால் அவன் மெல்லுவதை நிறுத்திவிடுகிறான்.

நேற்றும் அப்படித்தான். அண்ணி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு…" என்றார்.

அண்ணனின் தாடை நின்றது. நானும் குழாயை மூடினேன்.

"அன்னைக்கு ஒரு பெரியவர் வந்தார்னு சொன்னேனே, அவர் இன்னைக்கும் வந்தார். கண்ணு சுத்தமா தெரியல அவருக்கு. ஆனா பலகையில இருக்கிறதைக் கடகடன்னு சொல்றார். என்னடான்னு பாத்தா, முன்னாடி வந்தவங்க சொன்னதை வெளியில உக்காந்து கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார்."

"ம்" என்றான் அண்ணன்.

கொஞ்சம் தாமதமாக, கரகரப்பாக, இடம் தவறி. அண்ணி கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

"பலகைய மாத்தி வெச்சேன். பாவம், ஒரு எழுத்துகூட சொல்ல முடியல" என்று அண்ணி முடித்துவிட்டுக் குழம்பை ஊற்றினார்.

அண்ணன் மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.